குளிரில் நாற்பத்தேழு டிகிரி

அக்டோபர் 14, செவ்வாய்

மூன்றாவது நாளாக மழை. குன்னூரில் இந்த மாதத்து வெயில் வெளியூர்ச் சொந்தக்காரர் மாதிரி. வந்தால் வந்தது, வராவிட்டால் கேட்க முடியாது.

துணி காய வைக்கும் டிரையர் இன்றைக்கும் பாதியில் நின்றது. பத்து நிமிஷம் சுற்றுகிறது. பிறகு மூன்று முறை கீச்சென்று கத்திவிட்டு, வேலை முடிந்தது என்று பச்சை விளக்கைப் போட்டுக்கொள்கிறது. கதவைத் திறந்தால் பேரனின் துணியெல்லாம் அப்போதுதான் பிழிந்து வைத்த மாதிரி ஈரம். வேலை செய்யாமலே முடிந்தது என்று கையெழுத்துப் போடும் ஆட்களை முப்பத்தாறு வருஷம் மேய்த்தவன் நான். இப்போது மெஷினும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டது.

மருமகள் மதுமிதா, "மெக்கானிக்கைக் கூப்பிடலாம் மாமா" என்றாள். மகன் கதிரவன் ஓசூரில் வேலை பார்க்கிறான், மாதம் ஒருமுறைதான் வருவான். வீட்டில் நானும் அவளும் எட்டு மாதக் குழந்தையும்தான். மெக்கானிக் எதற்கு என்றேன். தேயிலை ஆலையில் டீமேக்கராக, தூள் தயாரிப்பு முழுவதற்கும் பொறுப்பாக இருந்தவன் நான். அங்கே இருந்ததும் டிரையர்தான், லாரி அளவுக்கு. அதன் வாயருகே கையை நீட்டினால் எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவேன். இது வெறும் துணிப்பெட்டி.

வீட்டு வேலைக்கு வரும் செவந்தி ஈரத்துணியை எடுத்துப்போய் அடுக்களையில் கயிறு கட்டிப் போட்டாள். பழைய எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயனிலிருந்து நடந்து வருகிறாள். இருபது வருஷம் கொழுந்து பறித்தவள். முட்டி தேய்ந்ததும் வீட்டு வேலைக்கு வந்துவிட்டாள். யார் சொல்லி இங்கே வந்தாளோ, நினைவில்லை.

அக்டோபர் 15, புதன்

முறைப்படி ஆரம்பித்தேன். பஞ்சு பிடிக்கும் வலையைக் கழற்றிக் கழுவினேன். காற்று வெளியே போகும் குழாயைப் பிடுங்கி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். அடைப்பு இல்லை. ஹீட்டர் சுடுகிறது, விசிறி சுற்றுகிறது. கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது, மூளைக்குத்தான் ஏதோ தப்பான செய்தி போகிறது.

தரையில் சாக்கு விரித்து, ஸ்குரு டிரைவரோடு உட்கார்ந்திருந்தேன். செவந்தி துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"ஐயா, கரண்டு சாமான நோண்டாதீங்க. எங்க வீட்டு மனுசனும் இப்பிடித்தான். கைய வெச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாது. அதாலதான போயிச் சேந்தாரு."

"பிளக்க எடுத்துட்டேன்" என்றேன்.

"என்னமோ போங்க" என்று பெருக்கப் போய்விட்டாள்.

அவள் கணவன் மாசிலாமணி என் ஆலையில் டிரையர் பார்த்தவன். பதினாலு வருஷத்துக்கு முன் டிரையரில் தீப்பிடித்து இறந்துபோனான். விசாரணை நடந்தது, அறிக்கை எழுதினார்கள், முடிந்தது. அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

மழை. நாள் பூராவும் மின்சாரம் இல்லை. தோசை, தக்காளிச் சட்னி.

அக்டோபர் 17, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். சூடு பார்க்கும் சென்சார்.

பின் தகட்டைக் கழற்றினால், சூடான காற்று வெளியேறும் வழியில் பட்டாணி அளவு ஒரு கறுப்பு மணி, இரண்டு ஒயரோடு. அதுதான் மெஷினுக்கு நாடி பார்க்கும் விரல். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். எந்தச் சூட்டுக்கு எத்தனை ஓம் என்ற அட்டவணையை மதுமிதா செல்போனில் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

அறையில் என் கண்ணாடித் தெர்மாமீட்டர் பதினெட்டு டிகிரி காட்டியது. அதற்குச் சென்சார் ஏறக்குறைய பதினாலாயிரம் ஓம் காட்ட வேண்டும். மீட்டரை வைத்தால் நாலாயிரம்தான். அட்டவணைப்படி நாலாயிரம் என்றால் நாற்பத்தேழு டிகிரி! ஸ்வெட்டர் போட்டு நான் நடுங்கிக்கொண்டிருக்கிறேன், அது பக்கத்தில் இருந்துகொண்டு நாற்பத்தேழு என்கிறது.

ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக்கூடாது. கழற்றி எடுத்து, வெந்நீர் டம்ளரில் நுனியை மட்டும் தொட்டு வைத்தேன். நீர் அறுபது. சென்சார் சொன்னது எண்பத்தைந்து. ஆறவிட்டு, துடைத்து, மறுபடி பார்த்தேன். மறுபடியும் அதே நாற்பத்தேழு. எல்லா நேரத்திலும் இருபத்தைந்து, முப்பது டிகிரி கூட்டியே சொல்கிறது. உள்ளே ஈரம் இறங்கியிருக்க வேண்டும். பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போதே, துணி காய்ந்துவிட்டது என்று மெஷின் நம்பி நின்றுவிடுகிறது. மெஷினைச் சொல்லிக் குற்றமில்லை. தனக்குச் சொல்லப்பட்டதை நம்பியது.

மதுமிதா, "சூப்பர் மாமா, டாக்டர் மாதிரி கண்டுபிடிச்சிட்டீங்க" என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது கருகிய தேயிலை வாடை அடித்தது. அடுப்பில் ஏதாவது தீய்கிறதா என்று கேட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை என்றாள். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். மழை வாசம்தான். தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கதிரவன் வந்துவிட்டு மாலையே கிளம்பிவிட்டான். பட்டாசு நமத்துப்போய்ப் பாதி வெடிக்கவில்லை.

காலையில் செவந்திக்கு மதுமிதா புடவை கொடுத்தாள். "வீட்டுக்காரர் படத்துக்கு முன்னாடி வெச்சுக் கும்பிட்டுட்டுக் கட்டிக்குங்கக்கா" என்றாள். நல்ல மனசோடு சொன்னதுதான்.

"அந்த ஆளுக்கு எதுக்கு மதும்மா? படம் தகரப் பெட்டிக்குள்ள குப்புறக் கெடக்கு. பதினாலு வருசமா ஒரு சூடம் கொளுத்துனதில்ல."

"ஏங்க்கா அப்படி?"

"பொறவு என்ன? சூடு மிஞ்சுனா மெஷின நிறுத்துறதுக்கு ஆலையில ஒரு சாமான் இருந்திச்சாம். அது சும்மா சும்மா நிறுத்துதுன்னு இவரா ஒயர டைரக்டா கோத்து விட்டுட்டாரு. தீப்புடிச்சிருச்சி. அவர் தப்புல அவரே செத்தாருன்னு எழுதிட்டாங்க. செத்தவன் வீட்டுப் புள்ளைக்கு ஆலையில வேல குடுக்கறது வழக்கமில்லையா? தப்பு செஞ்சி செத்தவன் புள்ளைக்கு இல்லைன்னுட்டாங்க. பதினஞ்சு வயசுல எம்புள்ள திருப்பூரு பனியன் கம்பெனிக்குப் போச்சு. அங்கேயே கெடக்கு, அப்பன் பேரச் சொன்னா மூஞ்சத் திருப்பிக்குது. லயன்ல ஒருத்தரு விடாம சொல்லிக் காமிச்சாங்க. சாகுறவரு தனியா செத்திருக்கலாம். எங்களையும் சேத்துச் சாகடிச்சிட்டுப் போனாரு."

மதுமிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கையிலிருந்த அதிரசத்தைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். எண்ணெய்ச் சிக்கு அடித்தது.

அக்டோபர் 22, புதன்

பர்லியார் பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டிருக்கிறது. புதுச் சென்சார் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். பத்து நாளாகும் என்கிறார்கள்.

நான் வேண்டாம் என்று சொல்லியும் மதுமிதா மெக்கானிக் பெனடிக்டை வரவழைத்துவிட்டாள். நல்ல பையன், முப்பது வயசிருக்கும். நான் எழுதி வைத்திருந்த அளவுகளைப் பார்த்துவிட்டு, "சார், எனக்கு வேலையே வைக்கல நீங்க" என்று சிரித்தான். பிறகு சொன்னான்.

"அதுவரைக்கும் சென்சாருக்குப் பதிலா ஒரு ரெசிஸ்டரப் போட்டு விட்டுறலாம் சார். எப்பவும் ஜில்லுன்னு இருக்குன்னு மெஷின் நெனச்சிக்கும். ஜம்முனு ஓடும்."

"சூடு ஏறினா யார் நிறுத்துவா?"

"அதுக்குத் தனியா ஒரு கட் ஆஃப் இருக்குல்ல சார். ஊருல பாதிப் பேரு வீட்ல நான் இப்பிடித்தான் ஓட்டிட்டிருக்கேன்."

"என் வீட்டில் அந்த வேலை கூடாது."

சாதாரணமாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். குழந்தை திடுக்கிட்டு அழுதது. பெனடிக்ட் பையை மாட்டிக்கொண்டு, "சார் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு" என்று மதுமிதாவிடம் கிண்டலாகச் சொல்லிவிட்டுப் போனான். செவந்தி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா மாதிரி ஒருத்தரு அன்னிக்கு எங்க ஆளுக்குப் பக்கத்துல இருந்திருந்தா" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

ரத்த அழுத்த மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

குழந்தைக்குச் சளி. ஈரம் காயாத துணி ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னாராம். மதுமிதா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இஸ்திரிப் பெட்டி போட்டு ஒவ்வொரு துணியாக உலர்த்தினேன். இருபத்திரண்டு லங்கோடு. ஒரு மணி நேரமாயிற்று.

இப்படித்தான் அந்த வருஷமும். பத்து நாள் விடாத மழைக்குப் பிறகு இரண்டு நாள் வெயில் அடித்தது, கொழுந்து மலையாகக் குவிந்தது. ஆலையில் இரண்டு டிரையரில் ஒன்று பழுது. இன்னொன்றில் சூடு பார்க்கும் சென்சார் பொய் சொல்ல ஆரம்பித்து, கட் ஆஃப் மணிக்கு நாலு தடவை டிரையரை நிறுத்தியது. பறித்த கொழுந்து காத்திருக்காது, புளித்துவிடும். எஸ்டேட் மேனேஜரான துரை போனில் கத்தினார். அப்போது ஒயர் நேராக இணைக்கப்பட்டது. எல்லா ஆலையிலும் நடப்பதுதான்.

ஏன் இதை எழுதினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

பகல் பதினொரு மணி. மதுமிதா குழந்தையோடு சர்ச் பக்கத்து மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். செவந்திக்கு விடுமுறை. பின்கட்டில் டிரையர் சுற்றும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பிளக் தரையில் கிடந்தது. பின் தகடு கூட மாட்டவில்லை.

வட்டக் கண்ணாடிக் கதவில் ஒரு ஆள் தெரிந்தான். தலையில் துண்டு சுற்றியிருந்தான். மாசிலாமணி அப்படித்தான் சுற்றுவான், டிரையர் அனலுக்கு. கொஞ்ச நேரம் நான் நகரவில்லை, அவனும் நகரவில்லை. அப்புறம்தான் தலையில் கையை வைத்துப் பார்த்தேன். குளித்துவிட்டு நான் கட்டிய துண்டு.

எனக்குப் பயமாக இருக்கிறது. அறுபத்தெட்டு வயதில் இதை எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

செவந்தி இந்த வீட்டு வேலைக்குத் தானாக வரவில்லை. நான்தான் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன், மூன்று வருஷத்துக்கு முன். இதையாவது சரியாக எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

காலையில் ரத்த அழுத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு மணிக்குத் திரும்பி வந்தபோது, வாசலிலேயே வாடை. இந்தத் தடவை என் மூக்கு பொய் சொல்லவில்லை. சூடேறிய துணியின் வாடை, லேசாகப் புகைகிற பஞ்சின் வாடை.

டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. மதுமிதா சிரித்த முகத்தோடு வந்தாள். "கோவிச்சுக்காதீங்க மாமா. பெனடிக்ட் வந்து செஞ்சு குடுத்துட்டார். நாலு லோடு போட்டாச்சு. எல்லாம் மொறுமொறுன்னு காஞ்சிருச்சு."

நான் ஓடினேன். செவந்தி கதவைத் திறந்து துணியை அள்ளிக்கொண்டிருந்தவள், "அம்மா" என்று கையை உதறினாள். குழந்தைச் சட்டையின் இரும்புப் பட்டன் உள்ளங்கையில் ஒட்டி எடுத்தது. வட்டமாக, சிவப்பாக ஒரு தடம்.

பிளக்கைப் பிடுங்கினேன். அவள் கையைப் பிடித்துக் குழாயடியில் காட்டினேன். அவள் கூச்சப்பட்டு, "விடுங்கய்யா, இதெல்லாம் ஒரு சூடா" என்றாள். நான் விடவில்லை. பெனடிக்டுக்குப் போன் போட்டேன்.

"ரெசிஸ்டர் போட்டேன் சார். அப்புறம் அந்த கட் ஆஃப் வேற அடிக்கடி விழுந்துச்சு. அம்மா குழந்தைத் துணின்னு அவசரப்படுத்துனாங்க. அதான் அதையும் டைரக்ட் பண்ணிட்டேன். ரெண்டு நாளைக்குத்தான சார்?"

ரெண்டு நாளைக்குத்தானே. அதே வார்த்தையைத்தான் நானும் சொன்னேன்.

போனை வைத்ததும் செவந்தி சொன்னாள், "எங்க ஆளு புத்தி அந்தப் பெனடிக்டுத் தம்பிக்கும். அவுக சாவுறதுமில்லாம…"

"மாசிலாமணி செய்யல" என்றேன்.

"என்னங்கய்யா?"

"அந்த ஒயரை அவன் கோக்கல."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் பார்த்தேன்" என்றேன். அந்த நேரத்தில்கூட அவ்வளவுதான் வாயில் வந்தது.

"பாத்தீங்களா? பொறவு யாரு கோத்தா?"

உள்ளே குழந்தை அழுதது. மதுமிதா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். செவந்தி மடித்தும் மடிக்காமலும் கிடந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, குடையை எடுக்காமல் மழையில் இறங்கிப் போனாள்.

அக்டோபர் 31, வெள்ளி

செவந்தி வரவில்லை.

மதுமிதாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவது நின்றுவிட்டது. "அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். நானே சொல்கிறேன் என்றேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எப்போதும் கதவைச் சாத்தமாட்டாள்.

அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு ஒயரைக் கோத்தவன் நான். மாசிலாமணி ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றான். "ஐயா, இது வேணாங்க. சூடு மிஞ்சுனா எப்பிடித் தெரியும்?" என்றான். "ரெண்டு நாளைக்குத்தானடா, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். அரைமணிக்கு ஒருமுறை சூடு பார்த்து எழுதும் நோட்டு ஒன்று உண்டு. பன்னிரண்டு மணி வரைக்குமான சூட்டையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, துரைக்குப் போன் பண்ண ஆபீசுக்குப் போனேன். பேசிவிட்டு அங்கேயே உட்கார்ந்து டீ குடித்தேன். பத்து நாற்பதுக்குத் தீப்பிடித்தது. டிரையர் தட்டில் இருந்த தேயிலைத் தூள் பற்றிவிட்டது. மற்றவர்கள் வெளியே ஓடினார்கள். தீ மேலே இருக்கும் மரக் கூரையில் ஏறினால் மாடியில் கொழுந்து உலர்த்தும் பெண்கள் இருபது பேர் மாட்டிக்கொள்வார்கள். மாசிலாமணி எரிகிற தட்டை இழுத்து வெளியே தள்ள டிரையர் கதவைத் திறந்தான். அனல் அவன் மேல் வந்துவிட்டது.

மூன்றாம் நாள், நவம்பர் இரண்டாம் தேதி, ஆஸ்பத்திரியில் இறந்தான்.

விசாரணைக்கு வந்தவர், ஒயர் யார் போட்டது என்று கேட்டார். என் பிள்ளை அப்போது இன்ஜினீயரிங் முதல் வருஷம். நான் சொன்னேன், "டிரையர் பார்த்தவன் போட்டிருக்கணும். எனக்குத் தெரியாது." அவர் எழுதிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம். சாப்பிடுகிறவன் செத்துப் போயிருந்தால் மறைக்கலாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை மதுமிதாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 1, சனி

சென்சார் வந்துவிட்டது. பெனடிக்ட் போட்ட ரெசிஸ்டரையும் நேர் ஒயரையும் எடுத்துவிட்டு, கட் ஆஃபைச் சரியாக இணைத்து, புதுசை மாட்டினேன். அறையில் பதினெட்டு, மீட்டரில் பதின்மூவாயிரத்து அறுநூறு. சரியாக இருக்கிறது. ஒரு லோடு போட்டேன். நாற்பத்தெட்டு நிமிஷத்தில் காய்ந்தது. மதுமிதா வந்து துணியை அள்ளிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு செவந்தி வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வாசல்படியிலேயே நின்றாள்.

"யாருன்னு கேட்டேன். நீங்க சொல்லல."

"நான்தான் செவந்தி."

"எது நீங்கதான்?"

"ஒயரைக் கோத்தது நான்தான். அவன் வேணாம்னு சொன்னான். அவன் மேல பழி போட்டதும் நான்தான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் படியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள், முட்டி வலிக்கிறவள் உட்காருகிற மாதிரி. மதுமிதா தண்ணீர் கொண்டு வந்தாள். குடிக்கவில்லை.

"எழுதிக் குடுங்க" என்றாள்.

"எழுதித் தரேன்."

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க எழுதுனது நெசமா பொய்யான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நாளைக்கு அவரு செத்த நாளு. வீட்டுக்கு வந்து நீங்களே படிங்க. அவரு படத்துக்கு முன்னாடி நின்னு படிங்க. லயன் சனத்த நான் கூப்புட்டு வெக்கிறேன். எம்புள்ளயையும் வரச் சொல்லியிருக்கேன். அவன் போலீசுக்குப் போகணும்னா போவான். நான் தடுக்க மாட்டேன்."

"போகட்டும்" என்றேன்.

அவள் போன பிறகு எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்றிலும் ஆலை இருந்தது, மழை இருந்தது, துரை இருந்தார், சென்சார் இருந்தது. நான் இல்லை. நாலாவது தாளில் முதல் வார்த்தையாக என் பெயரை எழுதினேன். தியாகமூர்த்தி ஆகிய நான். அதற்குப் பிறகு கை ஓடியது.

கதிரவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "என்னப்பா சொல்றீங்க, என்னப்பா சொல்றீங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். என் படிப்புக்காகவா என்று கேட்டான். இல்லை, என் பயத்துக்காக என்றேன். அவன் அழுத சத்தம் கேட்டது. போனை யார் முதலில் வைத்தோம் என்று தெரியவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

லயனுக்கு நான் நடந்து போனது பதினாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். மழை விட்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

ஒற்றை அறை. சுவரில் அன்றைக்குத்தான் ஆணி அடித்திருந்தார்கள், சுண்ணாம்பு உதிர்ந்து தரையில் கிடந்தது. படத்தில் மாசிலாமணிக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். கண்ணாடியின் ஓரத்தில் பூஞ்சை. சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். கீழே வாழையிலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, ஒரு கட்டு பீடி. அறைக்குள்ளும் வாசலிலும் முப்பது பேருக்கு மேல். என்னோடு வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். எப்போதும் "வாங்கய்யா" என்பவர்கள், இன்றைக்கு ஒதுங்கி வழி மட்டும் விட்டார்கள். திருப்பூரிலிருந்து வந்த மகன் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்பன் முகம் அப்படியே.

யாரோ பழக்கத்தில் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள்.

"உக்காராதீங்க" என்றாள் செவந்தி. "நின்னு படிங்க."

நின்று படித்தேன். நான் ஒயரைக் கோத்ததைப் படித்தேன். அவன் வேண்டாம் என்று சொன்னதைப் படித்தேன். பார்க்காத சூட்டைப் பார்த்ததாக எழுதியதையும், டீ குடித்ததையும், மாடியில் இருந்த பெண்களுக்காக அவன் கதவைத் திறந்ததையும் படித்தேன். வாசலில் ஒரு அம்மா, "நான் மேலதான் இருந்தேன், நான் மேலதான் இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விசாரணையில் நான் சொன்ன பொய்யை, சொன்ன வார்த்தையிலேயே படித்தேன்.

கடைசிப் பாரா மிச்சம் இருந்தது. யாரிடமும் சொல்லாதது.

இரண்டாம் நாள் மதியம் நான் அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். செவந்தி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அவன் என்னைக் காட்டிக்கொடுப்பானோ என்று பார்க்கத்தான் போனேன். உடம்பு பூராவும் கட்டு. உதடு மட்டும் அசைந்தது. குனிந்தேன். "ஐயா, அந்த ஒயரக் கழட்டிட்டீங்களா? அடுத்த ஷிப்ட்டுக்கு வர்றவனுக்குத் தெரியாதே" என்றான். கழற்றிவிட்டேன் என்றேன். தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு அவன் பேசியதாக யாரும் சொல்லவில்லை.

படித்து முடித்துத் தாளை மடித்தேன். மகன் மூலையிலிருந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கி, ஒருமுறை விரித்துப் பார்த்து, சட்டைப்பையில் வைத்துப் பட்டன் போட்டுக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

செவந்தி நான் நின்ற பக்கமே திரும்பவில்லை. படத்துக்கு முன்னால் போய் நின்றாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், ரொம்ப நேரம், பூஞ்சை இருந்த இடத்தையே துடைத்தாள்.

"நீ பேசவே இல்லைன்னு நெனச்சேனேய்யா. அடுத்தவனுக்காகத்தான் பேசியிருக்க. பதினாலு வருசமா உன்னய ஏசுனேனே. வாயில வந்ததெல்லாம் ஏசுனேனே. உம் புள்ளயையும் ஏச வெச்சேனே."

மகன் பக்கத்தில் போய் அவள் தோளைப் பிடித்தான். அவள் படத்திடம்தான் மறுபடியும் பேசினாள்.

"இந்த ஆள மன்னிக்கிறதா வேணாமாங்கறத பொறவு பாப்போம். மொதல்ல நீ என்னய மன்னிச்சிருய்யா."

போகச் சொல்வார்கள் என்று நின்றேன். யாரும் சொல்லவில்லை. யாரும் இருக்கவும் சொல்லவில்லை. செவந்தி இலையில் குழம்பு ஊற்ற ஆரம்பித்தாள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.